திறந்திருப்பதும் கடக்க முடிவதும்: திறந்த மூலம், அணுகல்தன்மை, சமூகம் பற்றி ஓர் எளிய விளக்கம்

திருகோணமலையில், சனிக்கிழமை பிற்பகல்களில், இணையத்தளம் அமைக்கப் பயிலும் இளைஞர் சிலருடன் நான் அமர்வது வழக்கம். எமது முதலாவது முயற்சி ஒரு பேருந்து நேர அட்டவணை. நகரத்திலிருந்து மூதூர், கிண்ணியா, கந்தளாய், நிலாவெளி, குச்சவெளி ஆகிய இடங்களுக்குப் பேருந்து எப்போது புறப்படும் என்பதை மட்டும் சொல்லும் சிறிய தளம். அதன் நிரலை எவரும் பார்க்கும்படி பொதுவில் வைத்தோம். இது திறந்த மூலத் திட்டம், எல்லோரும் அணுகலாம், இனி இதைச் சுற்றி ஒரு சமூகம் உருவாகும் என்று நம்பினோம். மூன்று மாதங்கள் ஒருவரும் வரவில்லை.

நான்காம் மாதத்தில் வந்த முதலாவது செய்தியை விழிப்புலனற்ற ஒருவர் அனுப்பியிருந்தார். "உங்கள் பக்கத்தில் தலைப்புக் கேட்கிறது. அதன் கீழ் 'படம்' என்று ஒரு சொல் கேட்கிறது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. நேரங்கள் எங்கே இருக்கின்றன?" என்று அவர் கேட்டிருந்தார். நேர அட்டவணை முழுவதையும் வண்ணம் தீட்டிய ஒரே படமாக நாங்கள் இட்டிருந்தோம்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடியபோதுதான், நாங்கள் நாள்தோறும் சொல்லிவந்த மூன்று சொற்களில் ஒன்றின் பொருளையேனும் சரியாக விளங்கியிருக்கவில்லை என்பது தெரிந்தது. திறந்த மூலம் என்றால் இலவசம், அணுகல்தன்மை என்றால் பார்வையற்றவர்களுக்கான ஏதோ ஒரு வசதி, சமூகம் என்றால் பின்தொடர்பவர்களின் எண்ணிக்கை என்ற அளவில்தான் பலரும் பேசுகின்றனர். நிரல் எழுதத் தெரியாதவரும் விளங்கிக்கொள்ளும் வகையில் இம்மூன்றையும், இவை ஒன்றையொன்று எவ்வாறு தாங்குகின்றன என்பதையும் இங்கே விளக்க முயல்கிறேன்.

முடிச்சுகள் தெரியும் வலை

கரையோரத்தில் வளர்ந்தவருக்கு வலை புதிதல்ல. மரநிழலில் அமர்ந்து கிழிந்த வலையைச் சரிசெய்யும் மீனவர், எந்தக் கண்ணி அறுந்திருக்கிறது, எந்த முடிச்சு இளகியிருக்கிறது என்பதை விரலால் தடவியே அறிந்துகொள்கிறார். வலையின் அமைப்பு முழுவதும் அவர் கைக்கு எட்டுவதால் அவரே அதைத் திருத்துகிறார். பக்கத்தில் இருந்து பார்ப்பவரும் அந்தத் திருத்தத்தைக் கற்றுக்கொள்கிறார். இப்போது வேறொரு வலையை எண்ணிப் பாருங்கள். அதன் முடிச்சுகள் தெரியாதபடி மூடப்பட்டிருக்கின்றன. கிழிந்தால் விற்றவரிடமே கொண்டுசெல்ல வேண்டும். பிரித்துப் பார்ப்பதற்கும், அதைப் பார்த்து இன்னொன்று பின்னுவதற்கும் தடை உண்டு. கடலில் இரண்டும் மீன் பிடிக்கும். கிழிந்த அன்றுதான் வேறுபாடு தெரியும்.

மென்பொருளிலும் இந்த இரு வகைகள் உள்ளன. ஒரு மென்பொருள் என்ன செய்ய வேண்டும் என்பதை மனிதர் வாசிக்கக்கூடிய வடிவில் எழுதிய கட்டளைத் தொகுப்பே மூல நிரல். அந்த மூல நிரலை எவரும் பார்க்கவும், பயன்படுத்தவும், மாற்றவும், மாற்றியதைப் பிறருக்குக் கொடுக்கவும் முறைப்படி அனுமதி வழங்கப்பட்டிருந்தால் அது திறந்த மூல மென்பொருள் எனப்படும்.

ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல் விலையின்மையையும் விடுதலையையும் குறிப்பதால் அம்மொழியினர் பல ஆண்டுகளாக இதை விளக்கி விளக்கிச் சலித்திருக்கின்றனர். தமிழில் அந்தக் குழப்பம் தேவையே இல்லை. இலவசம் வேறு, கட்டற்றது வேறு. எமது கைத்தொலைபேசிகளில் காசு கொடுக்காமல் பயன்படுத்தும் செயலிகளில் பல, நிரல் மூடப்பட்டவை. அவை இலவசமானவை, கட்டற்றவை அல்ல. மறுபுறம், கட்டற்ற மென்பொருளை விலைக்கு விற்பதற்கும் தடையில்லை. 1983ஆம் ஆண்டில் அமெரிக்க நிரலாளர் ரிச்சர்ட் ஸ்டால்மன் க்னூ என்ற கட்டற்ற இயங்குதளத் திட்டத்தை அறிவித்தபோது அவர் கேட்டது, பயனர் தம் கணினியில் ஓடும் மென்பொருளை ஆராயவும் மாற்றவும் பகிரவும் உரிமை வேண்டும் என்பதே. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கருநிரல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, அந்த வழியில் வளர்ந்தது. இன்று எமது சட்டைப்பையில் இருக்கும் ஒவ்வோர் ஆண்ட்ராய்டு கைத்தொலைபேசியின் அடித்தளத்திலும் அது இயங்குகிறது. 'திறந்த மூலம்' என்ற பெயர் 1998இல்தான் வழக்குக்கு வந்தது. 'கட்டற்ற மென்பொருள்', 'திறந்த மூலம்' என்ற இரண்டு பெயர்களுக்கும் இடையே கொள்கை வேறுபாடு உண்டு. தொடங்குபவர் அதைப் பிறகு அறிந்துகொள்ளலாம்.

ஆனால் 'முறைப்படி அனுமதி' என்ற சொற்களைத் தாண்டிச் செல்லக் கூடாது. நாங்கள் நிரலைப் பொதுவில் வைத்தோமே தவிர, அனுமதி எதுவும் எழுதி வைக்கவில்லை. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களுக்கும் பதிப்புரிமை வழங்குகிறது. அதாவது, எழுதியவர் வெளிப்படையாக அனுமதி தராதவரை, பார்ப்பவர் அதைப் பார்க்கலாம். எடுத்துத் திருத்திப் பகிர அவருக்கு உரிமை இல்லை. அந்த அனுமதியை வழங்கும் எழுத்து ஆவணம் உரிமம் எனப்படும். 'எமது பெயர்க்குறிப்பை நீக்காமல் எப்படியும் பயன்படுத்துங்கள்' என்று சொல்லும் எம்ஐடி உரிமம் ஒரு வகை. 'நீங்கள் மாற்றி வெளியிடுவதையும் இதே உரிமையோடு பிறருக்குக் கொடுங்கள்' என்று கேட்கும் ஜிபிஎல் உரிமம் இன்னொரு வகை. இவற்றில் ஒன்றைத் தெரிவுசெய்து, அதன் வாசகத்தை ஒரு கோப்பாக நிரலுடன் வைத்தால் போதும். அதைச் செய்யாத மூன்று மாதங்களும் எமது தளம் திறந்த மூலமாக இருக்கவே இல்லை.

சுருக்கமாகச் சொன்னால், நிரல் கண்ணுக்குத் தெரிவது மட்டும் திறந்த மூலம் ஆகாது; திருத்தவும் பகிரவும் எழுத்தில் அனுமதி இருக்க வேண்டும். விலை இதில் ஒரு பொருட்டல்ல.

பாலத்துக்கு முந்திய கிண்ணியா

அணுகல்தன்மை என்ற சொல்லை விளக்க எமது மாவட்டத்தில் ஒரு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. 2009ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலத்தில் இன்று எவரும் யோசனையின்றிக் கடந்து போகிறோம். அதற்கு முன்னர் 'பாதை' என்று எம்மவர் அழைக்கும் மிதவைக்காகக் கரையில் காத்திருந்தவர்களுக்கு அந்த நீரின் அகலம் நன்கு தெரியும். அக்காலத்திலும் கிண்ணியாவுக்குச் செல்லக் கூடாது என்று எவரும் தடுக்கவில்லை. கரை திறந்தே இருந்தது. ஆயினும் பாதை ஓடாத நேரத்தில், நோயாளியுடன் வந்தவருக்கும் பரீட்சைக்குப் புறப்பட்ட மாணவருக்கும் அந்தத் திறந்த கரை மூடிய கரையாகவே இருந்தது.

அணுகல்தன்மை என்பது பாலத்தைப் பற்றிய கேள்வி. ஒரு தளம் எவரையும் தடுக்கவில்லை என்பது போதாது. வெவ்வேறு உடல்நிலையிலும், வெவ்வேறு கருவியிலும், வெவ்வேறு சூழலிலும் இருப்பவர் அதைக் கடந்து தமக்கு வேண்டியதைப் பெற முடிகிறதா என்பதே அதன் அளவுகோல்.

பாலம் ஒரு வகையினருக்காக மட்டும் கட்டப்படவில்லை என்பதையும் கவனியுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி, உலகில் ஏறத்தாழ 130 கோடிப் பேர், அதாவது ஆறில் ஒருவர், குறிப்பிடத்தக்க இயலாமை ஒன்றுடன் வாழ்கின்றனர். அவர்களுக்கு இது உரிமை. இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்றுறுதி செய்த மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தின் 9ஆம் உறுப்புரை, கட்டடங்களையும் போக்குவரத்தையும் குறிப்பிடும் அதே இடத்தில் தகவல் தொழினுட்பத்தையும் குறிப்பிடுகிறது. ஆயினும் அணுகல்தன்மையால் பயன் பெறுபவர் அவர்களோடு முடிந்துவிடவில்லை. கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் நண்பகல் வெயிலில் நின்று, ஈரக் கையோடு காலநிலை அறிவித்தலைத் திறந்து பார்க்கும் மீனவரை எண்ணிப் பாருங்கள். வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் நிறத்தில் எழுதப்பட்ட வாசகம் அந்த வெளிச்சத்தில் அவருக்கு இல்லாததற்குச் சமம். கண் மங்கிய முதியவருக்கும், கை முறிந்து கட்டுப் போட்டவருக்கும், தரவு குறைந்து படங்கள் இறங்காமல் நிற்பவருக்கும் இதே நிலைதான்.

இங்கே ஒரு தவறான பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். பல தளங்களின் மூலையில் எழுத்தைப் பெரிதாக்கும் ஒரு பொத்தானை வைத்துவிட்டு, அணுகல் வசதி முடிந்தது என்று கருதிவிடுகின்றனர். எழுத்தைப் பெரிதாக்கும் வசதி, இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் உலாவியிலேயே இருக்கிறது. பக்கத்தின் உட்கட்டமைப்புப் பிழையாக இருக்கும்போது இத்தகைய பொத்தான்களால் பயன் மிகக் குறைவு. அந்த உட்கட்டமைப்பைத்தான் இனிப் பார்க்கப் போகிறோம். இக்கட்டுரையில் மிக நிதானமாக வாசிக்க வேண்டிய பகுதி இது.

உலாவி கட்டும் இன்னொரு மரம்

வலைப்பக்கம் ஒன்றின் அமைப்பை எழுதும் மொழி எச்டிஎம்எல். 'இது தலைப்பு', 'இது பந்தி', 'இது பொத்தான்', 'இது அட்டவணை' என்று ஒவ்வொரு பகுதியையும் பெயரிட்டுக் குறிப்பதே அதன் வேலை. உலாவி இந்தக் குறிப்புகளைப் பெற்று, கண்ணால் பார்ப்பதற்கான பக்கத்தைத் திரையில் வரைகிறது. இது எல்லோருக்கும் தெரிந்தது.

பலருக்குத் தெரியாதது, உலாவி அதே வேளையில் கண்ணுக்குத் தெரியாத இன்னோர் அமைப்பையும் உருவாக்குகிறது என்பதாகும். அதற்கு அணுகல் மரம் என்று பெயர். அந்த மரத்தின் ஒவ்வொரு கிளையிலும் மூன்று செய்திகள் முதன்மையானவை: அதன் பெயர் என்ன, அது எவ்வகையைச் சேர்ந்தது, இப்போது எந்த நிலையில் இருக்கிறது. விழிப்புலனற்ற ஒருவர் பயன்படுத்தும் திரை வாசிப்பான், அதாவது திரையில் உள்ளதைக் குரலாகவோ பிறெயில் எழுத்தாகவோ மாற்றித் தரும் மென்பொருள், படம்போல் வரையப்பட்ட திரையைப் பார்ப்பதில்லை. அது இந்த மரத்தைத்தான் வாசிக்கிறது. மரத்தில் ஏறாத எதுவும் அவருக்குக் கேட்காது.

எமது அட்டவணைப் படத்துக்கு நேர்ந்தது இதுதான். படத்துக்குள் எழுதப்பட்ட நேரங்கள் கண்ணுக்கு எழுத்து. உலாவிக்கு வெறும் வண்ணப் புள்ளிகள். ஆகவே மரத்தில் 'படம்' என்ற வகை மட்டுமே ஏறியது. படத்துக்கு மாற்று உரை, அதாவது படம் சொல்வதைச் சொற்களில் சொல்லும் சிறு குறிப்பு, எழுதியிருந்தால் அது பெயராக ஏறியிருக்கும். ஆனால் நாற்பது வரிகள் கொண்ட அட்டவணையை மாற்று உரையில் அடக்குவது முறையாகாது. சரியான வழி, எச்டிஎம்எல் ஏற்கெனவே தரும் அட்டவணைக் குறியைப் பயன்படுத்தி, தலைப்புக் கட்டங்கள் எவை என்று காட்டுவது. அப்படிச் செய்த பிறகு, திரை வாசிப்பான் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு நகரும்போது, நேரத்தை மட்டும் சொல்லாமல், அது மூதூருக்கு உரியதா கந்தளாய்க்கு உரியதா என்பதையும் சேர்த்துச் சொன்னது. நாங்கள் எழுதிய நிரலின் அளவு குறைந்ததே தவிர, கூடவில்லை.

பொத்தானிலும் இதே தவறு நிகழ்கிறது. தொடங்குபவர் பலர், பெயரில்லாத வெறும் பெட்டி ஒன்றை எடுத்து, அதற்கு நிறமும் வளைந்த மூலையும் கொடுத்து, அழுத்தினால் வேலை செய்யும்படி நிரல் எழுதிவிடுகின்றனர். பார்ப்பதற்கு அது பொத்தான். அணுகல் மரத்தில் அது பொத்தானாக ஏறுவதில்லை. விசைப்பலகையால் அதை அடையவும் முடிவதில்லை. எச்டிஎம்எல்லின் உண்மையான பொத்தான் குறியைப் பயன்படுத்தினால் பெயர், வகை, விசைப்பலகையால் இயங்கும் தன்மை ஆகிய மூன்றும் தாமாகவே வந்துவிடும். படிவங்களில் இன்னும் வருத்தமான காட்சி. விண்ணப்பப் படிவம் ஒன்றில் 'பெயர்', 'அடையாள அட்டை இலக்கம்' ஆகிய சொற்கள் பெட்டிகளுக்குப் பக்கத்தில் எழுதப்பட்டிருந்தாலும், எந்தச் சொல் எந்தப் பெட்டிக்கு உரியது என்று நிரலில் இணைக்கப்படாவிட்டால், திரை வாசிப்பான் 'எழுதும் பெட்டி, எழுதும் பெட்டி, எழுதும் பெட்டி' என்றே சொல்லிக்கொண்டிருக்கும். தகுதியிருந்தும் விண்ணப்பிக்க முடியாமல் ஒருவர் திரும்பிச் செல்ல இந்த ஒரு விடுபாடு போதும்.

தமிழ்ப் பக்கங்களில் காணும் இரண்டு சிக்கல்கள்

தமிழ்ப் பக்கங்களுக்கு வேறு இரண்டு தடைகள் உண்டு. 

முதலாவது, பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள். இந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தன. 'அம்மா' என்று பாமினியில் தட்டச்சு செய்தால், கண்ணுக்கு அம்மா தெரியும். கணினிக்குள் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற வரிசை. திரை வாசிப்பான் அந்த வரிசையைத்தான் ஒலிக்கும். தேடுபொறிக்கும் அந்தச் சொல் அகப்படாது. ஒவ்வொரு மொழியின் ஒவ்வோர் எழுத்துக்கும் உலகம் முழுவதற்கும் பொதுவான ஓர் எண்ணை ஒதுக்கும் முறை யூனிகோட் எனப்படும். அதில் எழுதிய தமிழே கணினிக்குத் தமிழ். இன்றும் அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் பாமினியில் தயாரித்த ஆவணங்கள் அப்படியே இணையத்தில் ஏற்றப்படுவதைக் காண்கிறோம். எழுத்துரு சிதைந்துவிடும் என்ற பழைய அச்சத்தில்தான் பலர் அறிவித்தல்களைப் படமாகவே வெளியிடப் பழகினர் என்று எண்ணுகிறேன். அந்த அச்சத்துக்கு இப்போது காரணம் இல்லை, பழக்கம் மட்டும் நீடிக்கிறது. வெள்ள எச்சரிக்கையும் புயல் எச்சரிக்கையும் படமாக மட்டும் பகிரப்படும்போது, அதை முதலில் அறிய வேண்டியவர்களில் ஒரு பகுதியினரை நாம் விட்டுவிடுகிறோம்.

இரண்டாவது, மொழிக் குறி. ஒரு பக்கம் எந்த மொழியில் எழுதப்பட்டிருக்கிறது என்பதை எச்டிஎம்எல்லின் தொடக்கத்தில் குறிப்பிட வேண்டும். திரை வாசிப்பான் அதைப் பார்த்தே எந்த மொழிக் குரலில் வாசிப்பது என்று முடிவு செய்கிறது. மாதிரிப் பக்கம் ஒன்றை எடுத்துப் பயன்படுத்துபவர்கள் அதில் ஏற்கெனவே இருக்கும் 'ஆங்கிலம்' என்ற குறியை மாற்ற மறந்துவிடுகின்றனர். தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் வரும் எமது மாவட்டத்தில், மொழி மாறும் ஒவ்வோர் இடத்திலும் குறியும் மாற வேண்டும்.

இதுவரை பார்த்ததன் சாரம் இது: உலாவி கண்ணுக்கு ஒரு பக்கத்தையும் கருவிகளுக்கு ஓர் அணுகல் மரத்தையும் கட்டுகிறது. சரியான குறிகளையும், யூனிகோட் எழுத்தையும், மொழிக் குறியையும் பயன்படுத்தினால் அந்த மரம் பெரும்பாலும் தானாகவே நன்றாக அமையும்.

அளவுகோலை யார் வைத்தார்கள்

இணையப் பக்கங்களால் ஆன உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1994இல் தொடங்கிய உலகளாவிய வலைச் சேர்த்தியம், 1999இல் வலை உள்ளடக்க அணுகல்தன்மை வழிகாட்டுதல்களின் முதற்பதிப்பை வெளியிட்டது. இப்போது நடைமுறையில் உள்ள 2.2 பதிப்பு 2023 அக்டோபரில் வந்தது. உள்ளடக்கம் உணரத்தக்கதாக, இயக்கத்தக்கதாக, புரியத்தக்கதாக, வெவ்வேறு கருவிகளிலும் நிலைத்து இயங்கும் உறுதியுடையதாக இருக்க வேண்டும் என்ற நான்கு கோட்பாடுகளின் கீழ் அது அமைந்துள்ளது. சில விதிகளை எண்ணாலேயே அளக்கலாம்: வழக்கமான அளவுள்ள எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளிர்வு வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும். கொட்பேயில் நிற்கும் மீனவருக்கு உதவுவது இந்த எண். வெப்எய்ம் என்ற அமைப்பு 2024இல் பத்து இலட்சம் முகப்புப் பக்கங்களைச் சோதித்தபோது 95.9 சதவீதமானவற்றில் பிழை கண்டது. மிக அதிகமாகக் காணப்பட்ட பிழை இந்த மங்கலான எழுத்தே.

மதகில் செய்யும் திருத்தம்

திறந்த மூலமும் அணுகல்தன்மையும் சந்திக்கும் இடம் எது? கந்தளாய்க் குளத்து நீரில் வேளாண்மை செய்பவர் இதை எளிதாக விளங்கிக்கொள்வார். ஒரு வாய்க்காலில் அடைப்பு ஏற்பட்டால் அதன் கீழுள்ள வயல் காயும். மதகில் அடைப்பு ஏற்பட்டால் எல்லா வயல்களும் காயும். அதேபோல், மதகில் ஒரு முறை சரிசெய்தால் ஒவ்வொரு வயலிலும் தனித்தனியே சரிசெய்யத் தேவையில்லை.

இன்று பெரும்பாலோர் தளத்தை வெறும் நிலத்திலிருந்து கட்டுவதில்லை. 2003ஆம் ஆண்டு முதல் வளர்ந்துவரும், தளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸ் போன்ற திறந்த மூல மென்பொருள்களையும், பிறர் எழுதிப் பகிர்ந்த வார்ப்புகளையும், அதாவது ஆயத்தப் பக்க வடிவங்களையும், எடுத்தே கட்டுகிறோம். அந்த வார்ப்பில் உள்ள தேடல் பெட்டிக்குப் பெயர் இணைக்கப்படாவிட்டால், அதைப் பயன்படுத்தும் ஆயிரக்கணக்கான தளங்களிலும் அதே குறை இருக்கும். நிரல் மூடியிருந்தால் அதை உணர்ந்தவர் முறையிடலாம். அதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை. நிரல் திறந்திருந்தால், திருகோணமலையில் ஒருவர் எழுதும் இரண்டு வரித் திருத்தம், அவர் என்றும் பார்க்கப்போகாத ஊர்களின் தளங்களிலும் போய்ச் சேரும்.

இதற்கு நான் அறிந்த மிகச் சிறந்த சான்று என்விடிஏ என்ற திரை வாசிப்பான். விண்டோஸ் கணினிக்கான திரை வாசிப்பான்களின் விலை கணினியின் விலையையே விஞ்சியிருந்த காலத்தில், அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த விழிப்புலனற்ற இளைஞரான மைக்கேல் கரன் 2006இல் அதை எழுதத் தொடங்கினார். அவரைப் போலவே விழிப்புலனற்றவரான ஜேம்ஸ் டே அவருடன் இணைந்தார். நிரலை ஜிபிஎல் உரிமத்தில் திறந்து வைத்தனர். தன்னார்வலர்கள் அதை 50க்கும் மேற்பட்ட மொழிகளுக்குக் கொண்டுசென்றனர். தமிழ் அவற்றில் ஒன்று. அதனுடன் வரும் ஈஸ்பீக் என்ஜி என்ற திறந்த மூலக் குரற்பொறியும் தமிழில் பேசுகிறது. அந்தக் குரல் இயந்திரத்தனமானது என்பது உண்மை. இருந்தாலும், விலைகொடுக்க இயலாத ஒருவர் தம் மொழியில் தம் கணினியைக் கேட்க முடிகிறது என்பது சிறிய செய்தியல்ல. தேவையை உணர்ந்தவர்களே கருவியைச் செய்தார்கள் என்பதுதான் இந்த வரலாற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. நிரல் மூடியிருந்தால் அதைப் பிறர் எடுத்துத் தொடர இடம் இருந்திருக்காது.

சமூகம் எங்கே தொடங்குகிறது

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் எமது கரையில் என்ன செய்தது என்பதை இங்குள்ளவருக்கு விளக்கத் தேவையில்லை. அந்த நாட்களில், காணாமற்போனோரைப் பதியவும், முகாம்களையும் உதவிப் பொருட்களையும் ஒழுங்குபடுத்தவும், இலங்கையின் மென்பொருள் தன்னார்வலர்கள் சகனா என்ற திறந்த மூல மென்பொருளை உருவாக்கினர். நிரல் திறந்திருந்ததால், 2005இல் பாகிஸ்தானில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது அதை அங்கும் எடுத்துப் பயன்படுத்த முடிந்தது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதைச் சகனாவுக்கு வழங்கியது. சமூகம் என்ற சொல்லுக்கு நான் கொள்ளும் பொருள் இதிலிருந்து வருகிறது: பொதுவான தேவை ஒன்றுக்காக, ஒருவர் செய்ததை இன்னொருவர் தொடர முடிகிற உறவு. பின்தொடர்பவர்களின் எண்ணிக்கையோடு இதற்குத் தொடர்பில்லை.

திறந்த மூலத் திட்டங்களில் இந்த உறவு மூன்று எளிய செயல்களால் இயங்குகிறது. பயனர் ஒருவர் தாம் கண்ட பிழையை எழுதித் தெரிவிப்பது குறை அறிக்கை. ஒருவர் நிரலின் பிரதியை எடுத்துத் திருத்தி, 'இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று அனுப்புவது திருத்தக் கோரிக்கை. அதைப் பரிசோதித்துச் சேர்ப்பவரோ, காரணம் கூறித் திருப்பி அனுப்புபவரோ பராமரிப்பாளர். நிரல் எழுதத் தெரிந்தவர் இல்லாமல் திருத்தக் கோரிக்கை வராது. ஆனால் குறை அறிக்கை எழுத, மொழிபெயர்க்க, சோதித்துப் பார்க்க, நேரங்கள் மாறினால் சொல்லியனுப்ப எவராலும் முடியும். எமக்கு வந்த அந்தக் கேள்வியே எமது திட்டத்தின் முதலாவது பங்களிப்பு. அதை நாங்கள் முறைப்பாடாக எண்ணிக் கடந்திருந்தால் அத்துடன் எல்லாம் முடிந்திருக்கும்.

தளத்தை மட்டும் அணுகக்கூடியதாக்கி, வேலை நடக்கும் இடத்தை அப்படியே விட்டுவிட்டால் சமூகம் உருவாகாது. பல திட்டங்கள் இந்த இடத்தில்தான் தவறுகின்றன. எமது குறை அறிக்கைகள் ஆங்கிலத்தில்தான் எழுதப்பட வேண்டும் என்று நாங்கள் எங்கும் சொல்லவில்லை. ஆனால் அறிமுகக் குறிப்பு ஆங்கிலத்தில் இருந்ததால், வந்து பார்த்த எவரும் அப்படித்தான் எண்ணியிருப்பார்கள். கணக்குத் திறக்க வேண்டும், மின்னஞ்சல் வேண்டும், தொழினுட்பச் சொற்கள் தெரிய வேண்டும் என்று ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகள் அடுக்கப்பட்டிருந்தன. இப்போது அறிமுகக் குறிப்பு தமிழில் இருக்கிறது. குரற்செய்தியாகவும் குறையைச் சொல்லலாம். எங்களில் ஒருவர் அதை எழுத்தில் பதிவார். புதியவர் செய்யக்கூடிய சிறு வேலைகளைத் தனியே குறித்து வைக்கிறோம். எந்தச் செய்தியானாலும் மூன்று நாட்களுக்குள் பதில் அனுப்ப வேண்டும் என்பது எமது ஒழுங்கு. இவற்றில் அதிகப் பலன் தந்தது கடைசியாகச் சொன்னதுதான். பதில் கிடைத்தவர் மீண்டும் வருகிறார்.

பராமரிப்பு பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உலகின் இணையத்தளங்களில் பெரும்பகுதியின் தகவலைக் காத்துவந்த ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற திறந்த மூல மென்பொருளில் 2014இல் ஹார்ட்பிளீட் என்ற பாரிய பாதுகாப்புப் பிழை வெளிப்பட்டது. அத்தனை பேர் நம்பியிருந்த அந்தத் திட்டத்துக்கு அதுவரை ஆண்டுக்கு ஏறத்தாழ 2000 டொலர் மட்டுமே நன்கொடையாக வந்தது; விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே அதைப் பராமரித்தனர். எல்லோரும் நீர் பாய்ச்சி, எவரும் மதகைப் பார்க்காவிட்டால் நேர்வது அதுதான். ஒரு நாள் சிரமதானத்தில் குளம் துப்புரவாகும்; ஆண்டு முழுவதும் அதைக் காக்க ஒருவர் இருக்க வேண்டும். அந்த ஒருவர் களைத்துப்போகாதபடி பார்த்துக்கொள்வதும் சமூகத்தின் வேலை.

இன்றே செய்து பார்க்கக்கூடிய இரண்டு சோதனைகள்

இதைப் படித்தவர் தாம் அமைத்த தளத்தையோ, அடிக்கடி பயன்படுத்தும் தளத்தையோ கணினியில் திறந்து, சுட்டியைத் தள்ளி வைத்துவிட்டு, டேப் விசையை மட்டும் அழுத்தி நகர்ந்து பாருங்கள். இப்போது எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்பது தெரிகிறதா? ஒவ்வொரு பொத்தானையும் அடைய முடிகிறதா? எங்காவது சிக்கி வெளியேற முடியாமல் போகிறதா?

பின்னர் ஆண்ட்ராய்டு கைத்தொலைபேசியின் அமைப்புகளில் டோக்பேக் என்ற திரை வாசிப்பானை இயக்குங்கள். அதை இயக்கியதும் தொடும் முறை மாறிவிடும்: ஒரு முறை தொட்டால் அந்த இடத்தில் இருப்பதை வாசிக்கும், இரு முறை தட்டினால்தான் அது செயற்படும். பெரும்பாலான கைத்தொலைபேசிகளில் ஒலியளவு விசைகள் இரண்டையும் சேர்த்து மூன்று விநாடி அழுத்தி அதை நிறுத்தும்படி அமைக்கலாம். அதை முதலில் அமைத்துக்கொள்ளுங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு அதே தளத்தில் ஒரே ஒரு தகவலைத் தேடிப் பாருங்கள். ஐந்து நிமிடம் போதும். இது விழிப்புலனற்றோரின் அனுபவத்துக்கு ஈடாகாது. அவர்கள் இக்கருவிகளை எம்மைவிட மிக விரைவாகக் கையாள்பவர்கள். ஆயினும் எங்கே மௌனம் இருக்கிறது என்பது உங்களுக்குக் கேட்கும்.

எமது அட்டவணையின் ஒவ்வொரு மாற்றத்தையும் வெளியிடுவதற்கு முன்னர், முதலில் கேள்வி கேட்டவரே இப்போது என்விடிஏயில் வாசித்துப் பார்க்கிறார். கடந்த மாதம் அவர் அனுப்பிய குறிப்பில், கிண்ணியாவுக்கான மாலை நேரங்கள் இரண்டு பழையவை என்றும், அன்று தாம் தரிப்பிடத்தில் நின்று நடத்துநரிடம் கேட்டறிந்ததாகவும் எழுதியிருந்தார். நேரங்களை அன்றிரவே திருத்தினோம். சிங்களப் பக்கத்துக்கான மொழிபெயர்ப்பு இன்னும் பாதியில் நிற்கிறது. புதியவர்களுக்கான வேலைப் பட்டியலில் அது முதலாவதாக இருக்கிறது.